சாலை வரி 14ஆம் தேதி முடிகிறது, காப்புறுதி இன்னும் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவில் ஏறவில்லை. ஓட்டலாமா?

கிள்ளான்வாசி | 6 மார்ச் 2025, காலை 9.12

காரின் சாலை வரி இந்த மாதம் 14ஆம் தேதியோடு முடிகிறது. காப்புறுதிக்குப் பணம் கட்டி மூன்று நாளாகிவிட்டது, பாலிசியும் பிடிஎஃப்பாக வந்துவிட்டது. ஆனால் மைஜேபிஜே செயலியில் புதுப்பிக்கப் போனால் காப்புறுதி இல்லை என்றே காட்டுகிறது. முகவரைக் கேட்டால் "சிஸ்டம் ஸ்லோ, பொறுங்கள்" என்கிறார். பாலிசி கையில் இருக்கும்வரை 14ஆம் தேதிக்குப் பிறகும் தாராளமாக ஓட்டலாம், சாலைத் தடுப்பில் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். சரிதானா? தனிநபர் பெயரில் உள்ள செடான், 1,998 சிசி.

காப்புறுதி மேசை | 6 மார்ச், காலை 9.50

சரியில்லை. நண்பர் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார். காப்புறுதி இல்லாமல் ஓட்டுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆம் பிரிவில் வரும் குற்றம். சாலை வரி, அதாவது மோட்டார் வாகன லைசன்ஸ், இல்லாமல் ஓட்டுவது தனிக் குற்றம். உங்கள் பாலிசி முதல் கேள்விக்குத்தான் பதில். 15ஆம் தேதி சாலைத் தடுப்பில் அதிகாரி பதிவு எண்ணைத் தட்டினால் சாலை வரி முடிந்தது என்றுதான் வரும். அங்கே பாலிசியை நீட்டிப் பயனில்லை.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது, போதும். ஆனால் "பொறுங்கள்" என்ற சொல்லை நம்பி அந்த எட்டு நாளையும் கரைத்துவிடாதீர்கள். காப்புறுதி நிறுவனம் பாலிசியை வெளியிட்டதும் அதன் விவரம் மின் கவர் நோட்டாக, அதாவது காப்புறுதிக்கான மின்னணுச் சான்றாக, ஜேபிஜேக்குப் போகும். பெரும்பாலும் சில நிமிடங்களில் ஏறிவிடும், சில சமயம் மறுநாள் ஆகும். மூன்று நாளாக ஏறவில்லை என்றால் அது மெதுவாகப் போகவில்லை. போய்த் திரும்பி வந்துவிட்டது. ஜேபிஜே பதிவில் உள்ள ஏதோ ஒரு விவரத்தோடு பாலிசி ஒத்துப்போகவில்லை.

முகவரிடம் "அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் பதில் வரும், அது பொய்யும் இல்லை. "ஜேபிஜே ஏற்றுக்கொண்டதா, நிராகரித்ததா? நிராகரித்திருந்தால் என்ன காரணம் காட்டுகிறது?" என்று கேளுங்கள். நிறுவனத்தின் திரையில் அது இருக்கும்.

அதற்குள் நீங்களே பாலிசியையும் வாகன உரிமைச் சான்றிதழையும், பழைய பேச்சில் கிராண்ட், பக்கத்தில் வைத்து ஐந்தே விஷயங்களைப் பாருங்கள்: பதிவு எண், உரிமையாளரின் ஐசி (அடையாள அட்டை) எண், சேஸிஸ் எண், எஞ்சின் எண், காப்புறுதி தொடங்கும் தேதி. கண்ணால் ஓட்டாமல் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள்.

காப்புறுதி மேசை | 6 மார்ச், காலை 10.15

தொகையையும் சொல்லிவிடுகிறேன். 1,600 சிசிக்கு மேல் அடிப்படை 200 வெள்ளி (ரிங்கிட்), கூடுதல் ஒவ்வொரு சிசிக்கும் 40 காசு. உங்களுக்கு 398 சிசி கூடுதல். 200 + 159.20, மொத்தம் 359 வெள்ளி 20 காசு.

கிள்ளான்வாசி | 6 மார்ச், பிற்பகல் 2.40

நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். நிராகரிப்புதான், காரணம் சேஸிஸ் எண். ஆனால் பாலிசியில் உள்ளதும் கிராண்டில் உள்ளதும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது. நான்கு தடவை பார்த்துவிட்டேன்.

காப்புறுதி மேசை | 6 மார்ச், பிற்பகல் 3.05

அதில் வட்டமாக உள்ள எழுத்துகளைப் பாருங்கள். பதினேழு இலக்க சேஸிஸ் எண்ணில் ஆங்கில ஐ, ஓ, கியூ மூன்றும் வரவே வராது. ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பக்கூடாது என்றே விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்த எண்ணில் வட்டமாகத் தெரிவது எப்போதும் சுழியம்தான். யாராவது ஓ என்று தட்டியிருந்தால் அச்சில் உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்குத் தெரியும். பாலிசி பிடிஎஃப்பைத் திறந்து, தேடும் பெட்டியில் சேஸிஸ் எண்ணைச் சுழியம் போட்டுத் தட்டுங்கள். கிடைக்கவில்லை என்றால் பாலிசியில் இருப்பது ஓ.

இதே போல் எட்டும் ஆங்கில பியும், ஐந்தும் எஸ்ஸும், இரண்டும் இஸட்டும் மாறும். கிராண்டைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பி, அதைப் பார்த்து இன்னொருவர் தட்டும்போதுதான் இது அதிகம் நடக்கிறது.

முகவரால் இதை நேரடியாகத் திருத்த முடியாது. காப்புறுதி நிறுவனம் திருத்தக் குறிப்பு போட்டு மின் கவர் நோட்டை மறுபடி அனுப்ப வேண்டும். சில நிறுவனங்கள் பாலிசியை ரத்து செய்து புதிதாகப் போடும். அப்படிப் போட்டால் தொடங்கும் தேதி 15 மார்ச் என்றே இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அவசரத்தில் அன்றைய தேதியைப் போட்டுவிட்டால், பழைய பாலிசி ஓடிக்கொண்டிருக்கும் நாட்களுக்கும் சேர்த்துக் கட்டியதாகிவிடும். முடிவு தேதியும் அத்தனை நாள் முன்னால் வந்துவிடும்.

சாலை வரிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சேஸிஸ் எண் தவறாக உள்ள பாலிசியோடு விபத்தில் மாட்டினால் இழப்பீடு கேட்கும்போது முதல் கேள்வியே அங்கிருந்துதான் கிளம்பும்.

பத்து சக்கரம் | 6 மார்ச், இரவு 8.30

மேசை அண்ணே, சாலை வரிக் கணக்கு தப்பு. 40 காசு விகிதம் 1,800 சிசி வரைதான். அதற்கு மேல் படி மாறுகிறது.

காப்புறுதி மேசை | 6 மார்ச், இரவு 9.02

ஆமாம், தவறு என்னுடையது. நன்றி பத்து சக்கரம். 1,801 முதல் 2,000 சிசி வரை அடிப்படை 280 வெள்ளி, 1,800க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 50 காசு. 198 × 0.50 = 99. ஆக 379 வெள்ளி. காலையில் சொன்ன 359.20ஐ விட்டுவிடுங்கள்.

தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரில் உள்ள செடானுக்கு முழுப் படியையும் போட்டுவிடுகிறேன். 1,000 சிசி வரை 20 வெள்ளி, 1,200 வரை 55, 1,400 வரை 70, 1,600 வரை 90. அதற்கு மேல்தான் கணக்குப் போட வேண்டும். 1,800 வரை 200 உடன் சிசிக்கு 40 காசு, 2,000 வரை 280 உடன் 50 காசு, 2,500 வரை 380 உடன் ஒரு வெள்ளி, 3,000 வரை 880 உடன் இரண்டரை வெள்ளி, 3,000க்கு மேல் 2,130 உடன் நாலரை வெள்ளி. கூடுதல் தொகை அந்தந்தப் படி தொடங்கும் இடத்திலிருந்துதான் எண்ணப்படும். நான் 1,600இலிருந்து எண்ணியதுதான் பிழைக்குக் காரணம். எம்பிவி, எஸ்யூவி வகைகளுக்கு வேறு அட்டவணை. கம்பெனி பெயரில் உள்ள செடானுக்கும் வேறு. சபா, சரவாக்கில் பெரும்பாலும் இதைவிடக் குறைவு.

கிள்ளான்வாசி | 7 மார்ச், மாலை 5.20

ஓ தான்! பன்னிரண்டாவது இடத்தில். காலையில் நிறுவனம் திருத்தி அனுப்பியது, மூன்று மணிக்குச் செயலியில் ஏறிவிட்டது. 379 வெள்ளி கட்டினேன், புதிய முடிவு தேதி 14 மார்ச் 2026 என்று காட்டுகிறது. ஒரு வாரம் முன்னதாகக் கட்டியும் நாள் குறையவில்லை. கண்ணாடியில் ஒட்ட எதுவும் வாங்க வேண்டுமா?

காப்புறுதி மேசை | 7 மார்ச், மாலை 6.00

வேண்டாம். மலேசியர்களின் தனிநபர் வாகனங்களுக்கு 10 பிப்ரவரி 2023 முதல் சாலை வரி ஸ்டிக்கர் ஒட்டத் தேவையில்லை, செயலியில் இருப்பதே போதும். வீட்டில் வேறு யாராவது அந்தக் காரை ஓட்டினால் செயலியிலேயே அவருக்குப் பகிரும் வசதி உண்டு. சிங்கப்பூருக்கோ தாய்லாந்துக்கோ எல்லை தாண்டினால் மட்டும் அச்சிட்ட பிரதி ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் குறையாது என்று நீங்கள் கவனித்தது முக்கியம். சாலை வரியை முடிவு தேதிக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். புதிய காலம் பழையது முடிந்த மறுநாள்தான் தொடங்கும். காப்புறுதியும் அப்படியே. முன்னதாகக் கட்டினால் நஷ்டம் என்ற எண்ணத்தில்தான் நிறையப் பேர் கடைசி வாரம் வரை காத்திருக்கிறார்கள். வரி கட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். நாள் பிடிப்பதெல்லாம் அதற்கு முன்னால் உள்ள தாள்கள்.

காப்புறுதி மேசை | 8 மார்ச், காலை 11.10

நேற்று விட்டுப்போனது. காப்புறுதி ஏறியும் புதுப்பிக்க முடியாமல் நிற்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் தடைப்பட்டியல். கட்டாத சம்மன், அதாவது போக்குவரத்து அபராதம். காவல்துறை சம்மனுக்கு மைபாயார், ஜேபிஜே சம்மனுக்கு மைஜேபிஜே. இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒன்றில் சுத்தம் என்று வந்தாலும் மற்றதிலும் பார்க்க வேண்டும். வாகன எண்ணை வைத்து மட்டுமல்ல, ஐசி எண்ணை வைத்தும் தேடுங்கள். எப்போதோ விற்ற மோட்டார் சைக்கிளின் உரிமை மாற்றம் முழுமையாகாமல் கிடந்தால், வாங்கியவர் வாங்கிய சம்மன் உங்கள் பெயரில்தான் உட்கார்ந்திருக்கும்.

பணம் கட்டியதும் தடை உடனே விலகிவிடும் என்று எண்ணி முடிவு தேதியன்று கட்டாதீர்கள். இரண்டு துறைகளின் கணினி பேசிக்கொள்ள வேண்டும். ரசீதை வைத்திருங்கள். இரண்டு வேலை நாளாகியும் தடை நீங்கவில்லை என்றால் ரசீதோடு ஜேபிஜே முகப்பிடத்துக்குப் போய்விடுவதுதான் வழி.

கம்பெனி வாகனங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2019 அக்டோபரிலிருந்து நிறுவனங்களுக்குப் பன்னிரண்டு இலக்கப் புதிய பதிவு எண் வந்தது. காப்புறுதியில் புதிய எண்ணும் ஜேபிஜே பதிவில் பழைய எண்ணும் இருந்தால் ஒத்துப்போகாது. ஜேபிஜேயில் எது இருக்கிறதோ அதையே பாலிசியிலும் போடச் சொல்லுங்கள்.

பத்து சக்கரம் | 11 மார்ச், இரவு 10.15

காருக்கு இவ்வளவு என்றால் லாரிக்கு வரிசையே வேறு. வணிக வாகனத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. அதில் தேறாமல் சாலை வரி கிடையாது. தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அப்பாட் தரும் பெர்மிட்டும் உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே முடிவு தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முதலில் பெர்மிட் எப்போது முடிகிறது என்று பார்ப்பது, அடுத்து பரிசோதனைக்கு இடம் பதிவு, அதற்கு இரண்டு வாரம் முன்பு பட்டறை. காப்புறுதி பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, பக்கத்திலேயே ஓடட்டும்.

பரிசோதனையில் மடக்குவது பெரிய எஞ்சின் கோளாறு அல்ல. பிரேக் பரிசோதனையில் இடது வலது சமமாகப் பிடிக்காதது. புகை. முன்விளக்கின் கோணம். தேய்ந்த டயர். பின் விளக்கில் ஒரு பல்பு. துருப்பிடித்து எழுத்து தெரியாத சேஸிஸ் எண்ணும் மடக்கும். அந்த இடத்தைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டாதீர்கள், எண்ணே போய்விடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்து, மேலே மெல்லிய கிரீஸ் பூசி வையுங்கள்.

காலையில் காலி லாரியைக் கொண்டுபோங்கள், டயரில் காற்று சரியான அளவில் இருக்கட்டும். காற்று ஒரு பக்கம் குறைந்தாலே பிரேக் அளவும் பக்கவாட்டு இழுப்பும் மாறிக் காட்டும்.

பட்டர்வொர்த் | 17 மார்ச், காலை 7.45

அப்பா இறந்து நான்கு மாதம். கார் அவர் பெயரில். சாலை வரி மே மாதம் முடிகிறது. அவர் ஐசியை வைத்து ஆன்லைனில் காப்புறுதி எடுத்துப் புதுப்பித்துவிடலாம் என்று தம்பி சொல்கிறான். செய்யலாமா?

காப்புறுதி மேசை | 17 மார்ச், காலை 8.30

செய்யாதீர்கள் அக்கா. கணினி ஏற்றுக்கொண்டாலும் ஏற்றுக்கொள்ளும், ஆபத்து அங்கேதான். இறந்தவர் பெயரில் புதிதாகப் பாலிசி எடுத்தால், ஒப்பந்தம் செய்துகொண்டவர் யார் என்ற கேள்வி விபத்தன்று வரும். அன்று காப்புறுதி நிறுவனம் கைவிரித்தால், அடுத்த தரப்புக்குக் கொடுக்க வேண்டியது குடும்பத்தின் தலையில் விழும்.

முதலில் இப்போதுள்ள பாலிசியின் நிறுவனத்துக்கு அப்பா இறந்ததை எழுத்தில் தெரிவியுங்கள். மீதி நாட்களுக்கு யார் ஓட்டலாம் என்று அவர்களிடமே எழுத்தில் பதில் வாங்குங்கள். அடுத்தது சொத்து உத்தரவு. சொத்தின் வகையையும் அளவையும் பொறுத்து அமானா ராயா என்ற அறங்காவல் நிறுவனம், மாவட்ட நில அலுவலகம், உயர் நீதிமன்றம் மூன்றில் ஒன்றில் வாங்க வேண்டும். அந்த உத்தரவில் காரின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டையும் வங்கிக் கணக்கையும் எழுதிவிட்டுக் காரை விட்டுவிடுவார்கள், பிறகு திருத்த மறுபடி அலைச்சல். உத்தரவு வந்ததும் உரிமை மாற்றத்துக்கான பி5 பரிசோதனை, பிறகு ஜேபிஜே.

உத்தரவு மே மாதத்துக்குள் வரும் என்று எண்ண வேண்டாம். வராவிட்டால் கார் வீட்டு வளாகத்துக்குள் நிற்கட்டும். பரிசோதனைக்கு இழுவை லாரியில் கொண்டுபோகலாம். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைத்து, டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் சில மாதம் தாங்கும்.

அப்பாவின் என்சிடி, அதாவது இழப்பீடு கோராததற்கான கட்டணக் கழிவு, உங்களுக்கு வராது என்பதையும் மனத்தில் வையுங்கள், அது ஆளைச் சேர்ந்தது. கணவன் மனைவிக்கிடையே மாற்றிக்கொள்ளலாம். ஆகவே அம்மா பெயருக்கு மாற்றுவதாக இருந்தால் உரிமை மாற்றத்துக்கு முன்பே காப்புறுதி நிறுவனத்தைக் கேட்டுவிடுங்கள்.

பட்டர்வொர்த் | 17 மார்ச், காலை 8.52

அம்மா பெயருக்குத்தான். இன்றே கேட்கிறேன். நன்றி தம்பி.

காப்புறுதி மேசை | 19 மார்ச், இரவு 9.40

என்சிடி பற்றிப் பேச்சு வந்ததால். தாமதத்துக்கு இதுவும் ஒரு காரணம், அடிக்கடி நடப்பது. ஒரு என்சிடி ஒரு வாகனத்துக்குத்தான். பழைய காரை விற்றுவிட்டுப் புதியதற்கு 55 விழுக்காடு கேட்பீர்கள். பழைய பாலிசி ரத்தாகாமல் அது அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கும். பாலிசி போடும் கடைசி நிமிடத்தில் தொகை இரண்டு மடங்காகத் திரையில் வரும், வாங்குபவர் திகைத்துப்போய் நிறுத்திவிடுவார், நாள் ஓடும்.

என்சிடி படி காருக்கு 25, 30, 38.33, 45, 55. இழப்பீடு கோராத ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு படி. கணக்கு இப்படி: அடிப்படைக் கட்டணம் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 55 விழுக்காடு கழித்து 450. அதன் மேல் 8 விழுக்காடு சேவை வரி 36, முத்திரைக் கட்டணம் 10. மொத்தம் 496. சேவை வரி 1 மார்ச் 2024 முதல்தான் 6லிருந்து 8 ஆனது. பழைய ரசீதோடு ஒப்பிட்டு முகவர் கூடுதலாக வாங்கிவிட்டார் என்று சண்டைக்குப் போகும் முன் இதைப் பாருங்கள்.

விலை ஒப்பிட்டுப் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், பாருங்கள். ஆறு வாரம் முன்னால் பாருங்கள்.

காப்புறுதி மேசை | 24 மார்ச், காலை 8.05

31ஆம் தேதி நோன்புப் பெருநாள். ஏப்ரல் முதல் வாரத்தில் சாலை வரி முடிபவர்கள் இந்த வாரமே முடித்துவிடுங்கள். செயலி விடுமுறையிலும் ஓடும், ஆனால் நிராகரிப்பு வந்தால் திருத்த வேண்டிய ஆள் ஊருக்குப் போயிருப்பார். முகப்பிடத்துக்குப் போவதானால் மாநிலத்தைப் பாருங்கள். கெடா, கிளந்தான், திரங்கானுவில் வெள்ளியும் சனியும் வாராந்திர விடுமுறை, ஞாயிறு வேலை நாள். ஜொகூர் 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது.

பத்து சக்கரம் | 24 மார்ச், பிற்பகல் 1.15

மோட்டார் சைக்கிளையும் சொல்லுங்கள் அண்ணே. 150 சிசி வரை சாலை வரி வெறும் இரண்டு வெள்ளி, அதனால் யாரும் மதிப்பதில்லை. முடிந்துபோய் மாதக்கணக்கில் ஓடுகின்றன. இரண்டு வெள்ளி வரி விட்டுப்போனது என்றால் பெரும்பாலும் காப்புறுதியும் விட்டுப்போனது என்று பொருள். ஆளை இடித்துவிட்டால் அப்போது தெரியும். வீட்டில் பிள்ளைகள் ஓட்டும் கப்சாய், அதாவது சிறிய மோட்டார் சைக்கிள், இருந்தால் இன்றைக்கே பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

கிள்ளான்வாசி | 2 மே, மாலை 6.35

மறுபடி நான். மாமனாரின் பழைய டொயோட்டாவுக்கு ஜூனில் முடிகிறது. இப்போதே ஆரம்பித்துவிட்டேன். ஆனால் அதன் சேஸிஸ் எண் பதினேழு இலக்கம் இல்லை, நடுவில் ஒரு சிறு கோடும் வருகிறது. நீங்கள் சொன்ன ஓ, சுழியம் விதி இதற்கும் உண்டா?

காப்புறுதி மேசை | 2 மே, இரவு 8.10

இல்லை. அந்த விதி பதினேழு இலக்க எண்ணுக்கு மட்டும், முதலிலேயே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். பழைய ஜப்பானியக் கார்களில் மாடல் குறி, சிறு கோடு, வரிசை எண் என்று குட்டையாக வரும். கோட்டுக்குப் பின்னால் வருவது எண்கள்தான், அங்கே வட்டம் என்றால் சுழியம். கோட்டுக்கு முன்னால் உள்ள மாடல் குறியில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும், அதில் ஊகிக்க வேண்டாம். கிராண்டில் உள்ளதை அப்படியே எடுத்து, காரின் உலோகத் தகட்டில் பொறித்துள்ளதோடு ஒப்பிடுங்கள். பழைய கார்களில் அது பெரும்பாலும் எஞ்சினுக்குப் பின்னால், இரும்புச் சுவரில் இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எழுத்து எழும்பித் தெரியும்.

அந்தச் சிறு கோடு பாலிசியில் போட வேண்டுமா கூடாதா என்பதும் ஜேபிஜே பதிவைப் பொறுத்தது. போன ஆண்டுப் பாலிசி ஒழுங்காக ஏறியிருந்தால் அதில் எப்படி இருந்ததோ அதே வடிவத்தில் தட்டச் சொல்லுங்கள். பழைய பாலிசியை முகவருக்குப் படமாக அனுப்பாமல், பிடிஎஃப்பாகவே அனுப்பி, எண்ணை அதிலிருந்து நகலெடுத்து ஒட்டச் சொல்லுங்கள்.

கிள்ளான்வாசி | 5 மே, பிற்பகல் 12.20

கோடு இல்லாமல் போட்டார்கள், பத்தே நிமிடத்தில் ஏறியது. சாலை வரி கட்டியாகிவிட்டது, ஜூன் 2026 வரை.